லூப்பஸ் நோயில் தோற்கலங்களின் பங்கு

லூப்பஸ் என்பது, கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி உடலின் சொந்தக் கலங்களையே அந்நியமாகக் கொண்டு தாக்குவதால், உறுப்புகளைப் பிணைத்துத் தாங்கும் தொடுப்பிழையத்திலும் தோல், மூட்டு, சிறுநீரகம் முதலியவற்றிலும் அழற்சியை உண்டாக்கும் நீடித்த நோயாகும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். வெயில் பட்ட இடம் தடிப்பதும், அதைத் தொடர்ந்து காய்ச்சல், மூட்டுவலி என்று நோய் உள்ளே முற்றுவதும் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தும், இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பு அண்மைக்காலத்திலேயே துலங்கியது.

1851இல் பாரிஸ் மருத்துவர் கசெனாவ் இந்நோய்க்குப் பெயரிட்டபோது அது தோல் நோயாகவே எண்ணப்பட்டது. 1872இல் வியன்னாவின் கபோசி உள்ளுறுப்புப் பாதிப்பும் அதே நோயின் கூறு எனக் காட்டினார். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், பிற கலங்களின் கருவை விழுங்கிய வெண்குழியங்களை என்புமச்சையில் கண்ட பின், ஆய்வு குருதியை நோக்கித் திரும்பி, தோல், நோயின் அடையாளம் தெரியும் இடமாக மட்டும் ஒதுக்கப்பட்டது.

இம்மதிப்பீடு தவறானது. மேற்றோலின் பெரும்பகுதி கெரற்றினோசைட்டு எனப்படும் கலங்களால் ஆனது. புற ஊதாக் கதிர் தாக்கி இக்கலம் மடியும்போது, அதன் மேற்பரப்பில் கொப்புளம் போன்ற புடைப்புகள் தோன்றி, கலத்தினுள் மறைந்திருந்த ரோ போன்ற புரதங்களும் கருப்பொருள்களும் அவற்றில் வந்து திரளுகின்றன என்பதை 1994இல் கசியோலா-ரோசன், அன்ஹால்ட், ரோசன் ஆகியோர் காட்டினர். இவையே லூப்பஸ் நோயாளியின் பிறபொருளெதிரிகள் குறிவைக்கும் பொருள்கள். நலமுள்ள உடல் இச்சிதைவுகளை உடனே அகற்றிவிடும். லூப்பஸில் அவை தேங்கி, வைரசு புகுந்தால் உடல் சுரக்கும் இன்ரர்ஃபெரோன் என்னும் எச்சரிக்கைப் புரதத்தை வீணே பெருகச் செய்கின்றன. மேலும், தடிப்பே இல்லாத தோலிலும் கெரற்றினோசைட்டுகள் இன்ரர்ஃபெரோன்-கப்பாவை மிகுதியாகச் சுரப்பதை 2018இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதால், வெயில் படுமுன்னரே தோல் அழற்சிக்கு ஆயத்தமாகி நிற்கிறது என்பது தெளிவாயிற்று.

கடல்மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயர ஏறத்தாழ 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும் என்பதாலும், மெல்லிய முகில் அதை முழுமையாகத் தடுப்பதில்லை என்பதாலும், 1,000 மீற்றருக்கு மேல் அமைந்த, இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவை போன்ற தேயிலைத் தோட்ட இடங்களின் குளிர் காலநிலை பாதுகாப்பு ஆகாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கன்னத்தில் தோன்றும் தடிப்பு, பாடநூல்கள் சொல்லும் செந்நிறத்தில் அல்லாமல் கருஞ்சிவப்பாகவோ கருமையாகவோ இருக்கக்கூடும் ஆகையால், மங்கு என்றோ வெயில் கறுப்பு என்றோ கவனிக்கப்படாமல் போவது எளிது. மூக்கின் பக்கத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை அத்தடிப்பு பெரும்பாலும் விட்டுவிடும். இது வெறும் மங்கிலிருந்து அதைப் பிரித்தறிய உதவும்.

இந்நோயின் மருந்து வரலாறும் மலைநாட்டைத் தொட்டுச் செல்கிறது. கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்க்க 1861இல் ஹக்கல தோட்டம் நிறுவப்பட்டது; 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின், தேயிலை நிலைபெறும் வரை தோட்டத்துரைமார் நம்பிய பயிர்களுள் சிங்கோனாவும் ஒன்று. மலேரியாவுக்கென்றே அறியப்பட்ட கொய்னாவை 1894இல் இலண்டனில் பெய்ன் லூப்பஸுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். 1951இல் பேஜ் மெபாக்கிரின் என்ற செயற்கை மலேரியா மருந்தின் பயனை அறிவித்தார். 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹைட்ரொக்சிகுளோரோகுயின் இன்றும் சிகிச்சையின் அடித்தளம். கருப்பொருள்களை உணரும் கலங்களின் உட்பைகளில் அது தங்கி, அவ்வுணர்வை மழுங்கச் செய்து, இன்ரர்ஃபெரோன் சுரப்பைக் குறைக்கிறது. இன்ரர்ஃபெரோன் ஏற்பியையே அடைக்கும் அனிஃப்ரோலுமாப் 2021இல் அனுமதிக்கப்பட்டது. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் நெடுங்காலப் பயன்பாட்டில் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.