நேரில் பார்க்காமல் குதிரை வாங்கலாமா? பணம் அனுப்பும் முன் அறிய வேண்டியவை

ராஜஸ்தானின் மார்வார் பகுதியிலும் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலும் உள்ள வளர்ப்பாளர்களிடமிருந்து, கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்ஆப் வழியாக விலை பேசிச் சவாரிக் குதிரை வாங்குவோர், பணம் அனுப்பும் முன் சில விவரங்களை எழுத்து வடிவில் பெறுவது அவசியம்.

அடையாளம்: நுனி உள்நோக்கி வளைந்த காதுகள் மார்வாரி, காத்தியாவாரி ஆகிய இரு இனங்களுக்கும் உரியவை. எனவே, காதுகள் தெரியும் புகைப்படம் மட்டும் இனத்துக்குச் சான்றாகாது. வம்சாவளிப் பதிவு, மைக்ரோசிப் எண் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். குதிரையை வண்டியில் ஏற்றும்போது அந்த எண்ணை மீண்டும் சரிபார்த்தால் ஆள்மாறாட்டத்துக்கு இடமிராது.

வயது: குதிரையின் நிலையான வெட்டுப்பற்கள் சுமார் இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதுகளில் இணை இணையாக முளைக்கின்றன. ஐந்து வயதுக்குப் பிறகு பல்லின் தேய்மானத்தைக் கொண்டே வயதைக் கணிக்க முடியும். ஆகவே, முதிர்ந்த குதிரைக்குக் கூறப்படும் வயது மதிப்பீடே ஆகும்.

நடை: கடினமான தரையில் குதிரை நடப்பதையும் ஓடுவதையும் முன்புறம், பின்புறம், பக்கவாட்டில் வெட்டாமல் எடுத்த காணொளி தேவை. வலி நிவாரணி மருந்து நொண்டலைத் தற்காலிகமாக மறைக்கக்கூடும். எனவே, விற்பவருக்குத் தொடர்பில்லாத கால்நடை மருத்துவரை வாங்குபவரே அமர்த்திப் பரிசோதிக்கச் செய்வது நல்லது.

நோய்: பாக்டீரியாவால் உண்டாகும் கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் பரவக்கூடியது. இதற்குத் தடுப்பூசி இல்லை. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, இந்நோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தொற்று உறுதியானால் குதிரை கொல்லப்படும். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. அண்மைய பரிசோதனை அறிக்கை கைக்கு வரும் முன் முழுத் தொகையையும் செலுத்தக் கூடாது. அறிக்கையில் உள்ள அடையாளம் குதிரையுடன் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பயணம்: விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி, குதிரை பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோயற்றது என்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழ் தேவை.

ஒப்பந்தம்: உரிமை எப்போது கைமாறுகிறது, வழியில் குதிரை காயமடைந்தாலோ இறந்தாலோ இழப்பு யாருடையது, பரிசோதனையில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இடம்பெற வேண்டும்.