திருடப்பட்ட தலைமுறையினர்

ஆஸ்திரேலியாவில் அரசு அமைப்புகளும் கிறித்தவ மிஷன்களும் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த பழங்குடிக் குழந்தைகளைக் குறிக்கும் பெயர். டாரஸ் நீரிணைத் தீவுகளின் குழந்தைகளும் இதில் அடங்குவர். 1910க்கும் 1970க்கும் இடையே பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டதாக, பின்னர் இதை ஆராய்ந்த தேசிய விசாரணை கணித்தது.

சட்டங்கள்

பிரிப்புக்குச் சட்டம் இட்ட பெயர் ‘பாதுகாப்பு’. விக்டோரியா 1869இலும் குயின்ஸ்லாந்து 1897இலும் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயது நிரம்பாத பழங்குடி, கலப்பினக் குழந்தைகளுக்குத் தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரியையே காப்பாளர் ஆக்கியது. நியூ சவுத் வேல்ஸில் பிள்ளை கவனிப்பாரற்றுக் கிடப்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1915ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் நீக்கியது.

குறிவைக்கப்பட்டோர் பெரும்பாலும் வெள்ளையருக்கும் பழங்குடிப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். கலப்பில்லாத பழங்குடியினர் அழிந்துபோவர், கலப்பினத்தாரை வெள்ளையரோடு கரைத்துவிடலாம் என்பது அதிகாரிகளின் கணக்கு. 1937இல் கான்பெரா மாநாடு இந்தக் கரைப்பைக் கொள்கையாக ஏற்றது. அங்கு அதை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் மேற்கு ஆஸ்திரேலிய அதிகாரி ஏ. ஓ. நெவில்.

இல்லங்கள்

நியூ சவுத் வேல்ஸின் கூட்டமண்ட்ரா இல்லம் சிறுமியரை வீட்டு வேலைக்கும், கின்செலா இல்லம் சிறுவரைப் பண்ணை வேலைக்கும் பழக்கின. கின்செலாவில் சிறுவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் எண் சொல்லி அழைத்தனர். பெற்றோர் இறந்துவிட்டதாகப் பலரிடம் பொய் சொல்லப்பட்டது.

1931இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மூர் ரிவர் குடியிருப்பிலிருந்து மூன்று சிறுமியர் தப்பினர். முயல் தடுப்பு வேலியே அவர்களுக்கு வழிகாட்டி. ஏறத்தாழ 1,600 கி.மீ. கடந்து இருவர் வீடு சேர்ந்தனர். ஒருத்தி வழியில் பிடிபட்டாள். மூத்தவரான மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் இதை 1996இல் நூலாக்கினார். அவரும் குழந்தைப் பருவத்தில் அதே மூர் ரிவரில் அடைக்கப்பட்டவர்.

விசாரணையும் மன்னிப்பும்

‘திருடப்பட்ட தலைமுறையினர்’ என்ற பெயரை 1981இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வரலாற்றாளர் பீட்டர் ரீட். ரொனால்ட் வில்சன், மிக் டாட்சன் ஆகியோர் தலைமையிலான தேசிய விசாரணை 535 பழங்குடியினரின் வாக்குமூலங்களைத் திரட்டியது. அதன் அறிக்கை 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பிரதமர் ஜான் ஹோவர்ட் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்தார். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

வழக்குகளும் இழப்பீடும்

வட பிரதேசத்தில் பிரிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கை 1997இல் உயர் நீதிமன்றம் தள்ளியது. பிரிப்புக்கு இடமளித்த சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதே என்றது. தெற்கு ஆஸ்திரேலியாவில் புரூஸ் டிரெவோரோ 2007இல் வென்றார். 13 மாதக் குழந்தையாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவரைப் பெற்றோருக்குத் தெரியாமல் வேறொரு குடும்பத்திடம் கொடுத்திருந்தனர். அதற்கு அன்றைய சட்டத்திலும் அதிகாரமில்லை என்று கண்ட நீதிமன்றம் 5,25,000 டாலர் இழப்பீடு விதித்தது. சட்டப்படியே பிரிக்கப்பட்டோருக்கு அந்த வழி திறக்கவில்லை. அவர்கள் அரசுகளின் நிவாரணத் திட்டங்களுக்கே காத்திருந்தனர். டாஸ்மேனியா 2006இல் முந்திக்கொண்டது. வட பிரதேசத்தாருக்கான திட்டம் 2022இல்தான் தொடங்கியது.