கடவுச்சொல் கசிந்த கதை

மின்னஞ்சலோ வங்கிக் கணக்கோ, எதைத் திறந்தாலும் முதலில் கேட்பது கடவுச்சொல்லைத்தான். இந்தப் பூட்டு எவ்வளவு பழையதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பழையது அது திறந்துகொண்ட கதையும்!

1960களில் ஒரு கணினி ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். விலையும் அதிகம். அதனால் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்படோ குழுவினர் 1961ல் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஆளுக்குத் தனிக் கோப்புகள், அளந்து கொடுத்த கணினி நேரம். வந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கடவுச்சொல். ஆனால் எல்லோருடைய கடவுச்சொல்லும் ஒரே கோப்பில், எழுதியது எழுதியபடியே இருந்தது.

1962ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. அந்தக் கோப்பை அச்சிடச் சொல்லி துளையட்டையில் ஒரு கோரிக்கை கொடுத்தார். அச்சாகி வந்துவிட்டது! பிறர் பெயரில் நுழைந்து வேலையைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

1966ல் நடந்ததற்குத் திருடனே தேவைப்படவில்லை. நிர்வாகி ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். திருத்தும் மென்பொருளோ தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். விளைவு... இரண்டும் இடம் மாறின. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக முழுக் கடவுச்சொல் பட்டியலும் வந்து விழுந்தது!

கோப்பை எவ்வளவு பூட்டினாலும் ஒருநாள் வெளியே வரலாம். அப்படியானால் ரகசியத்தை அதில் வைக்காமலே இருந்தால்? கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் கண்ட வழி இதுதான். கடவுச்சொல்லைத் திரும்ப மீட்க முடியாதபடி உருமாற்றிச் சேமிப்பது. பயனர் தட்டச்சு செய்ததையும் அப்படியே உருமாற்றி, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது.

யுனிக்ஸும் இதைப் பின்பற்றியது. 1979ல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் எழுதிய கட்டுரையில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் மிகச் சிறியவை அல்லது எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று காட்டினார்கள். மென்பொருள் திருந்தினாலும் மனிதர் திருந்தவில்லை!

மென்பொருளாவது முழுதாகத் திருந்தியதா? 2019ல் ஃபேஸ்புக், கோடிக்கணக்கான பயனர்களின் கடவுச்சொற்கள் தன் உள் சர்வர்களில் படிக்கும் வடிவிலேயே இருந்ததாக ஒப்புக்கொண்டது. அவற்றை வெளியாட்கள் பார்க்கவில்லை என்றும் சொன்னது. 1966ல் எம்.ஐ.டி.யில் பாதிக்கப்பட்டது ஒரு கணினியின் பயனர்கள்தான். இன்று ஒரு நிர்வாகியின் கவனக்குறைவுக்கு விலை கொடுப்பது, அவரை ஒருநாளும் பார்த்திராத கோடிப் பேர்.