மருந்தியலிற் சவர்க்காரவினப் பொருள்கள்

கல்முனையை அடுத்துள்ள மருதமுனை கைத்தறி நெசவாற் பெயர்பெற்ற ஊர். பருத்தி நூலிற் சாயம் நன்கு ஊறவேண்டுமாயின் அதன்கண் உள்ள இயற்கை மெழுகு முதலில் நீங்கவேண்டும். அதன்பொருட்டு நூலைச் சவர்க்காரமும் காரமும் இட்ட நீரில் அவித்தல் பருத்தி நெசவின் பழைய முறையாகும். நீரை ஏலாத நூலை ஏற்கச் செய்யும் அவ்வாற்றலே மருந்தியலுக்கும் பெருந்துணையாயிற்று.

சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். இவ்வினப் பொருள்கள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து, ஒட்டாத இரண்டையும் இணங்கச் செய்வன. பூவந்திக் கொட்டையின் நுரையும் இவ்வியல்பினதே. அம்மரவினத்தின் 'சபிந்தஸ்' என்னும் தாவரவியற் பெயர், 'இந்தியச் சவர்க்காரம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்தது.

பயன் பழையது, விளக்கமோ புதியது. கரைசலிற் சவர்க்கார மூலக்கூறுகள் தனித்து நில்லாது திரள்களாகக் கூடும் என 1913இல் பிறிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்பெயின் கூறினார். அன்று பலர் ஐயுற்ற அக்கருத்தைப் பிற்கால ஆய்வுகள் நிலைநாட்டின. 'மிசெல்' எனப்படும் அத்திரளின் அகத்தே எண்ணெயை நாடும் முனைகள் ஒடுங்கும். நீரிற் கரையாத மருந்து ஆங்கே புகலிடம் பெறும். 1950இல் புனேயில் திறக்கப்பட்ட தேசிய இரசாயன ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரும் இம்மக்பெயினே.

களிம்பிலும் பால்மத்திலும் ஊசிமருந்திலும் இப்பொருள்கள் இடம்பெற்றன. ஆயினும் இவை வெறுந்துணைப் பொருள்கள், மருந்தல்ல என்னும் எண்ணம் நிலவிற்று. அவ்வெண்ணத்தின் குறையைக் குறைமாதக் குழந்தைகளின் வரலாறு காட்டும்.

இயல்பாக நுரையீரலிற் சுரக்கும் இவ்வினப் பொருளின் குறைவாலேயே அக்குழந்தைகளின் காற்றறைகள் சுருங்கி மூச்சுத் திணறுகின்றது என்பதை 1959இல் ஏவரி, மீட் ஆகிய இருவரும் வெளியிட்டனர். பசுவின் நுரையீரலிலிருந்து ஆக்கிய அப்பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயிற் செலுத்தி 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா நற்பயன் கண்டார். இங்கே துணைப்பொருளெனப்பட்டதே மருந்தாயிற்று.

நான்காண்டுகளின்பின் அமெரிக்காவில் நேர்ந்ததோ இதற்கு மாறானது. எண்ணெய்த் தன்மையுள்ள உயிர்ச்சத்து 'ஈ'யை நீரிற் கரைக்கும்பொருட்டுப் பொலிசோர்பேற்று மிகுதியாகச் சேர்த்த ஊசிமருந்து குறைமாதக் குழந்தைகளுக்கு ஏற்றப்பட்டது. 38 குழந்தைகள் இறந்தன. ஐயம் பெரிதும் உயிர்ச்சத்தின்மீதன்று, அதனைக் கரைத்த பொருளின்மீதே விழுந்தது. 1984இல் அம்மருந்து மீளப் பெறப்பட்டது.

ஒரே இனத்துப் பொருள் ஓரிடத்து உயிரளித்தது. மற்றோரிடத்து உயிர் கவர்ந்தது. வேறுபாடு பொருளின் தன்மையிலும் அளவிலும் செலுத்தும் வழியிலும் உள்ளது. ஆதலின் மருந்தைச் சோதிப்பதுபோல் அதனைச் சுமந்து செல்லும் பொருளையும் சோதித்தறிதல் மருந்தியலார் கடனாகும்.