கரையால் அறியப்பட்ட கடல்: முசரவாக்கம் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்திலிருந்து கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயரின் பின்பாதி கடலோரத்துச் சொல். பாக்கம் என்பதை நெய்தல் நிலத்து ஊர் என்றே நிகண்டுகள் பொருள் கொள்கின்றன. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மகர ஒற்றை அடுத்து வரும்போது பகரம் மாறாமல் நிற்கிறது: செம்பரம்பாக்கம், நுங்கம்பாக்கம். உயிரை அடுத்து ஒற்று மிகாமல் வரும்போது வகரமாக நெகிழ்கிறது: வில்லிவாக்கம், புரசைவாக்கம், முசரவாக்கம். கடலோரப் பெயர் இத்தனை உள்நாட்டில் இவ்வளவு அடர்த்தியாக வழங்குவது ஏன்?

கரையோரக் குடிகள் உள்ளே பெயர்ந்தபோது பெயரையும் கொண்டுவந்தனர் எனலாம். நெய்தற்பொருள் தேய்ந்து வெறும் 'ஊர்' ஆயிற்று என்றும் கூறலாம். எனக்கு இரண்டும் போதவில்லை. பாக்கம் என்பது முதலில் நீரின் பக்கம். அந்நீர் கடலாகவும் இருக்கலாம், ஏரியாகவும் இருக்கலாம் என்பதே என் கருத்து. தமிழில் கடலைக் குறிக்கும் சொற்களே இதற்கு இடம் தருகின்றன.

அச்சொற்கள் ஒரே பொருளின் வெற்று மாற்றுப்பெயர்கள் அல்ல. ஆழி ஆழத்தையும், பரவை விரிவையும், ஆர்கலி முழக்கத்தையும், உவரி உப்பையும், புணரி அலையோடு அலை சேர்வதையும் கண்டு இட்ட பெயர்கள். கார்கோள் என்றவர் மேகம் நீர் முகப்பதை எண்ணினார். அத்தி என்னும் சொல்லுக்கும் நிகண்டில் கடல் என்ற பொருள் உண்டு. ஆனால் 1979இலும் 2019இலும் அனந்தசரசுக் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைக் கண்ட காஞ்சிக்காரர் காதில் அச்சொல் மரமாகத்தான் ஒலிக்கும். இவற்றுள் நம் வாதத்துக்கு முதன்மையானது வேலை. எல்லை, கரை என்று பொருள்படும் வடசொல் தமிழில் கரைக்கும் ஆகி, கரை அணைத்த நீருக்கும் ஆயிற்று. அதாவது கடல் தன் விளிம்பாலேயே பெயர் பெற்றது.

முந்நீர் இன்னும் நுட்பமானது. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்பது உரையாசிரியர்கள் எடுத்துப் பேசும் விளக்கங்களுள் ஒன்று. கடலுக்கு இது வலிந்து சொன்னது போலத்தான் இருக்கிறது. ஆனால் பாலாற்றுப் படுகையின் ஏரிப் பாசனத்துக்கு இது வரிக்கு வரி பொருந்துகிறது: ஆற்றிலிருந்து வரும் கால், மணற்படுகையைத் தோண்டி எடுக்கும் ஊற்றுக்கால், வானம் தருவது. ஏரி பார்த்து வளர்ந்த கண்ணுக்குத்தான் கடலில் மூன்று நீர் தெரிந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

உருவகங்களிலும் கரையே அச்சாணி. பிறவிக்கடல், துன்பக்கடல் என்னும்போது கடல் கடக்க வேண்டியது. கரை சேர்வதே குறிக்கோள். கருணைக்கடல் என்னும்போது கரை இல்லாமையே புகழ். கல்விக்கடலைக் 'கரைகண்டவர்' என்று புலவரைப் போற்றுகிறோம். கரையை எடுத்துவிட்டால் இவற்றில் எதுவும் நிற்காது.

ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர் சூட்டியதை மன்னர்களின் மிகைப்பேச்சு என்று ஒதுக்குவது வழக்கம். பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு அமைத்த பராக்கிரம சமுத்திரமும், 1369ஆம் ஆண்டுக் கல்வெட்டு பேசும் போருமாமிள்ளையின் அனந்தராஜ சாகரமும் பேரளவின என்பது உண்மையே. ஆனால் ஏரி தோண்டி உண்டாவதன்று. சரிவுக்குக் குறுக்கே கரை எழுப்ப, நீர் தானாகத் தேங்குகிறது. மதுராந்தகத்தில் இராமர் 'ஏரி காத்த'வர் ஆனதும் உடையவிருந்த கரையைக் காத்ததால்தான். எனவே கடலிலிருந்து ஏரிக்குப் பெயர்ந்தது அளவு மட்டுமன்று, எல்லைக்குள் நிற்கும் தன்மையும்கூட.

காஞ்சி வட்டாரத்துப் பல்லவர் சமுத்திரம் என்னாமல் தடாகம் என்றே வழங்கினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மகேந்திர தடாகம், உத்திரமேரூரின் வயிரமேக தடாகம், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வெட்டி நிரப்பியதாகக் கூரம் செப்பேடு சொல்லும் பரமேச்சுர தடாகம் என்று சான்றுகள் உண்டு. ஆயினும் தென்னேரியின் பழம்பெயர் திரையனேரி என்பர். பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். கடல்திரை கொண்டுவந்து சேர்த்த குலம் என்பது அவன் மரபுக்கதை. கடலலையின் பெயர் இங்கே ஏரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காஞ்சியில் இந்தக் கரை தறியிலும் இருக்கிறது. சேலையின் ஓரம் கரை. உடலும் கரையும் வேறு வேறு நிறமானால் தனித்தனி நாடா ஓட்டி, இரண்டையும் கோத்து நெய்வது கோர்வை. நீரின் விளிம்புக்கும் பட்டின் விளிம்புக்கும் இவ்வூரார் ஒரே சொல்லை ஆள்கிறார்கள்.

பாக்கம் பற்றிய என் கருத்தைச் சோதிக்க வழி உண்டு. தொண்டை நாட்டின் உள்நாட்டுப் பாக்கங்களையும் வாக்கங்களையும் வரைபடத்தில் குறித்து, எத்தனை ஊர்களின் பழைய குடியிருப்பு ஏரிக்கரையை ஒட்டியது என்று எண்ண வேண்டும். பிற ஈறு கொண்ட ஊர்களிலும் அதே விகிதம் வந்தால் என் விளக்கம் விழும். அப்போது முதலில் சொன்ன இரண்டு விடைகளுள் ஒன்றுக்குத்தான் திரும்ப வேண்டும்.