சீருடைக்குள் ஒரு கம்ப்யூட்டர் பட்டம்

1955 ஜனவரி மாதம் ஆவடி ஜே ஜே என்று இருந்தது. காமராஜர் முதல்வராக இருந்த நேரம். நேரு வந்திருந்தார், காங்கிரஸ் மாநாடு நடந்தது, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. வரலாற்றுப் புத்தகத்தில் ஆவடிக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

அதே மாதம் 16ஆம் தேதி, புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா என்ற ஏரிக்கரை ஊரில் தேசிய பாதுகாப்பு அகாடமி (சுருக்கமாக என்.டி.ஏ.) முறைப்படி திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அப்போதைய பம்பாய் முதல்வர் மொரார்ஜி தேசாய். ஆவடி அளவுக்கு இது பேசப்படவில்லை. ஆனால் ராணுவத்துக்குள் இருந்துகொண்டே காலேஜ் பட்டம் வாங்கும் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அகாடமிக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1949 அக்டோபர் 6. அந்த ஆண்டு ஜனவரியிலேயே டேராடூனில் தற்காலிகமாகப் பயிற்சி தொடங்கியிருந்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் உரிய பையன்களை ஒரே கூரையின் கீழ் மூன்று வருடம் வளர்ப்பதுதான் திட்டம். பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? சூடானிலிருந்து! இரண்டாம் உலகப்போரில் சூடானைக் காக்கப் போராடிய இந்திய வீரர்களின் நினைவாக அந்த நாடு கொடுத்த தொகை அது. அகாடமியின் தலைமைக் கட்டிடத்துக்கு இன்றும் சூடான் பிளாக் என்றுதான் பெயர்.

ஆனால் ஆரம்பத்தில் பட்டம் எதுவும் கிடையாது. பள்ளிப் படிப்போடு உள்ளே போனவர் ராணுவப் பயிற்சியோடு வெளியே வருவார், அவ்வளவுதான். சண்டை போட பட்டம் எதற்கு என்று கேட்டால் நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1802இல் ஆரம்பித்த வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு இளநிலைப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் சட்டப்படி கிடைத்தது 1933இல். நூற்று முப்பது வருடம் பட்டம் இல்லாமலே தளபதிகள் உருவாகியிருக்கிறார்கள்!

பட்டத்தின் தேவை போர்க்களத்தில் தெரியாது, அதை விட்டு வெளியே வரும்போதுதான் தெரியும். ராணுவத்தில் மேலே போகப் போக பதவிகள் குறைவு, ஓய்வு வயதும் சீக்கிரமே வந்துவிடும். ஐம்பது வயதுக்காரர் வெளியே வந்து வேலை தேடும்போது 'என்ன டிகிரி?' என்பதுதான் முதல் கேள்வி. காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பட்டம் என்பது ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி.

1970களில் அந்தப் பாலிசியைக் கொடுக்க முன்வந்தது... டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். ஆம், கொடி பிடிப்பதற்கும் கோஷம் போடுவதற்கும் பெயர்போன அதே ஜே.என்.யூ.! இடதுசாரி மாணவர் அரசியலின் கோட்டைதான் ராணுவ அதிகாரிகளுக்குப் பட்டச் சான்றிதழ் கொடுக்கிறது. 2016இல் ஜே.என்.யூ. வளாகத்தில் பிரச்சினை வெடித்தபோது, என்.டி.ஏ.வின் 54ஆவது கோர்ஸைச் சேர்ந்த முன்னாள் அதிகாரிகள் தங்கள் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று துணைவேந்தருக்குக் கடிதமே எழுதினார்கள். ஆனாலும் இன்று வரை பட்டம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் பி.ஏ., பி.எஸ்ஸி. பிறகு பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ். கடற்படைக்கும் விமானப்படைக்கும் போகிறவர்களுக்கு பி.டெக் வந்தது. அவர்கள் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம் முடித்து, நான்காவது வருடத்தை எழிமலாவிலோ துண்டிகலிலோ முடித்தால்தான் பட்டம். தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவில் சேர்பவர்களுக்கு வேறு பாதை: புனே, செகந்திராபாத், மஹூ ஆகிய ஊர்களின் ராணுவப் பொறியியல் கல்லூரிகளில் பி.டெக். இதில் மஹூவில் இருப்பது சிக்னல்ஸ் பிரிவின் கல்லூரி. (அம்பேத்கர் பிறந்த ஊரும் அதுதான்.)

கம்ப்யூட்டருக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஆவடியிலேயே பதில் தேடலாம். 1946இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டர் எதற்காகக் கட்டப்பட்டது? பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே விழும் என்று அமெரிக்க ராணுவத்துக்கு அட்டவணை போட. ஒரு பெரிய அறை முழுக்க அடைத்துக்கொண்டு அது செய்த கணக்கின் பேரப்பிள்ளை, ஆவடி சி.வி.ஆர்.டி.ஈ. வடிவமைத்த அர்ஜுன் டாங்கிக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. டாங்கி ஓடிக்கொண்டே ஓடும் இலக்கைச் சுட வேண்டுமே! 1965இல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்த காலத்தில் இதெல்லாம் பெரும்பாலும் சுடுபவரின் கண்ணும் அனுபவமும் பார்த்துக்கொண்ட வேலை.

சரி, படிப்பு எப்படி நடக்கும்? பாடம் எடுப்பவர்கள் சிவில் பேராசிரியர்கள். ஆறு டெர்ம். காலையில் டிரில், உடற்பயிற்சி, நீச்சல், குதிரை. அதற்கு நடுவே புரோகிராமிங் வகுப்பு. மாலையில் விளையாட்டு. வகுப்பில் தூங்காத கேடட்டே இல்லை என்பது அங்கே பழைய ஜோக். ஓடிக் களைத்த உடம்போடு லூப் எழுதிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

தரைப்படைப் பிரிவுக்கு பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம், காமர்ஸ் உட்பட. ஆனால் யூ.பி.எஸ்.சி. தேர்வில் கணக்குத்தாள் கட்டாயம். வயதும் பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியவர்களுக்கு நம்ம பரங்கிமலை இருக்கிறது. சீனப் போருக்குப் பின் 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அங்கே பட்டம் வாங்கிவிட்டுத்தான் போக வேண்டும். 1992 முதல் பெண்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு.

கடக்வாஸ்லாவின் கதவு பெண்களுக்குத் திறக்க அதன்பின் முப்பது வருடம் ஆனது. அதுவும் தானாகத் திறக்கவில்லை. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, 2022இல் முதல் அணி உள்ளே போனது. 2025 மே 30 அன்று அவர்களில் 17 பேர் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். அதற்கு முந்தைய நாள் பட்டமளிப்பு. அன்று கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் மட்டும் 85 கேடட்கள்.

இலங்கையில் ரத்மலானையில் இருக்கும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இதற்கு நேர் எதிர். 1981 சட்டப்படி அகாடமியாக இருந்து, பின்னர் முழுப் பல்கலைக்கழகமாகி, தகவல் தொழில்நுட்பப் பட்டத்தைக் கட்டணம் கட்டும் சிவில் மாணவர்களுக்கும் விற்கிறது. அதை மேலும் விரிக்க 2021இல் மசோதா வந்தபோது, கல்வி ராணுவமயமாகிறது என்று ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். இந்திய அகாடமியில் காசு கட்டி சேர முடியாது. அது நல்லது.

ஆனால் இந்தியாவின் பாலிசியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பயிற்சியில் முதுகெலும்பு முறிந்தோ தலையில் அடிபட்டோ மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்கள். நான்காவது டெர்மில் விழுந்தவனுக்கு நட்சத்திரமும் இல்லை, முடித்த பட்டமும் இல்லை. பிரீமியம் கட்டியாயிற்று, பாலிசி முதிரவில்லை. இன்னும் அதிகாரி ஆகவில்லை என்பதால் முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. பயிற்சியில் அடிபட்டு வெளியேறும் சாதாரண சிப்பாய்க்கு அது உண்டு!

1985இலிருந்து இப்படி வெளியேறியவர்கள் சுமார் 500 பேர் என்று 2025இல் ஒரு ஆங்கில நாளிதழ் எழுதியது. அதைப் படித்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. அவர்களுக்குக் கிடைக்கும் மாத உதவித்தொகை, ஊனத்தின் அளவைப் பொறுத்து, அதிகபட்சம் 40,000 ரூபாய். வழக்கு வந்தபின் அதே ஆண்டு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்க்க அரசு அனுமதித்தது. உடம்பு ஒத்துழைத்தால் அலுவலக வேலை கொடுக்க முடியுமா என்றும் நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கும் முதலில் கேட்கப்போவது டிகிரியைத்தான்.