அரக்கின் ஆயுள்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி தழுவிச் செல்லும் ஊர்களுள் ஒன்று அம்பாசமுத்திரம். மரச் சொப்புக்குப் பேர்போன ஊர் அது. அடுப்பு, ஆட்டுக்கல், பானை, அகப்பை என அடுக்களை முழுவதையும் உள்ளங்கையளவில் கடைந்தெடுத்த அச்சாமான்கள், தாய் விளையாடி மகளுக்கு வைத்துப்போனவையாக இன்றும் நம் வீடுகள் சிலவற்றில் உண்டு. அவற்றின் சிவப்பும் மஞ்சளும் மங்கியிருக்கலாம், உரிந்திருப்பது அரிது. அதே அரக்கால் மெருகிட்ட மேசைமீது சூடான தேநீர்க் கோப்பையை வைத்தால் வெண்வளையம் விழுந்துவிடுகிறது. அவ்வாறாயின் அரக்கு உறுதியானதா, அன்றா?

அரக்கு மரத்தின் பிசினன்று. புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியொன்று கசியவிடுவது. கிளையோடு ஒடித்தது கொம்பரக்கு. கழுவி உருக்கித் தகடாக இழுத்து நொறுக்கியது அவலரக்கு. இதன் ஆராய்ச்சிக்கென்றே 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ஒரு நிலையம் எழுந்தது. அக்காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுகளிலும் கலந்திருந்தது இவ்வரக்கே. வினைல் வந்ததும் அது ஒதுங்கியது.

சொப்புக்கு அரக்கேற்றும் முறையே வேறு. கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிப் பரவும். தாழை மடலால் தேய்க்க மெருகேறும். தூரிகையும் இல்லை, உலரக் காத்திருப்பதும் இல்லை. சன்னபட்டணத்தில் இத்தொழில் திப்பு சுல்தான் வரவழைத்த பாரசீகக் கலைஞரால் வளர்ந்தது என்பது மரபுச் செய்தி.

தச்சர் பூசும் மெருகோ ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பல மாதம் கிடந்த கரைசலைப் பூசினால் பிசுபிசுப்பு மாறாது. அரக்கின்மேல் சுமத்தப்படும் பழிகளிற் பாதி இதனால் வந்ததே. எனினும் கொதிசூடு, சோப்பு நீர், ஸ்பிரிட் ஆகிய மூன்றையும் அது தாங்காது என்பதை மறைப்பதற்கில்லை. சொப்புப் பானையில் எவரும் வெந்நீர் ஊற்றுவதில்லை, அது பிழைத்தது!

ஆனால், இக்குறையே அதன் ஆயுளுக்கும் காரணம். பழைய அரக்கின்மேல் புதிதாகப் பூசும்போது, ஸ்பிரிட் அடிப்பூச்சையும் இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இன்றைய பாலியூரித்தேன் பூச்சு கடினமானதுதான். வெடித்தாலோ பெரும்பாலும் சுரண்டியெடுத்தே மறுபடி பூச வேண்டும். பாட்டனார் காலத்து அலமாரி பளபளப்பது, தேயாததால் அன்று. தேய்ந்தபோதெல்லாம் பூச முடிந்ததால்.

பத்தமடைப் பாயைத் தொடர்ந்து, 2025இல் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் புவிசார் குறியீடு பெற்றது. வாங்கச் செல்வோர், கடைசலில் ஏற்றிய அரக்கா, தூரிகையால் பூசிய பெயிண்டா என்று கடைக்காரரை ஒரு சொல் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் சொப்பை முதலில் வைப்பது வாயில்தானே.